நடுவில் கோடு போட்ட டொமைனுக்கு என்ன விலை சொல்லலாம்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஹைஃபன், அதாவது நடுவில் கோடு, போட்ட டாட் காம் டொமைன்கள் (வெப்சைட் முகவரிப் பெயர்கள்) 43 இருக்கின்றன, பெரும்பாலானவை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டியவை. அதில் ஒன்றுக்கு ஒரு தானியங்கி மதிப்பீட்டுக் கருவி 1,840 டாலர் என்று காட்டுகிறது. அதே பெயருக்கு ஒருவர் போன் செய்து 6,000 ரூபாய் தருகிறேன் என்று கேட்டபோது நீங்கள் மறுத்துவிட்டீர்கள். ஹைஃபன் டொமைன்களின் மறுவிற்பனை மதிப்பைக் கணக்கிட ஏதாவது சூத்திரம் உண்டா என்று கேட்கிறீர்கள். கேள்வி சூத்திரத்தைப் பற்றியதுதான், ஆனால் உங்களை உறுத்துவது அந்த ஆறாயிரம் என்று எனக்குப் படுகிறது. கொடுத்திருக்கலாமோ, இந்த 43-க்கும் இன்னொரு வருடம் பணம் கட்டலாமா, இந்த இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. 2009-லிருந்து கோவையில் சின்னக் கடைகளுக்கும் கம்பெனிகளுக்கும் வெப்சைட் செய்து கொடுக்கிறேன். கூடவே டொமைன் வாங்கி விற்பது பக்கத்தொழில், ஒரு காலத்தில் முந்நூறுக்கு மேல் வைத்திருந்தேன், இப்போது எழுபது சொச்சம். எனக்குப் பழக்கம் டாட் காம், டாட் இன் இரண்டும்தான். சீனர்கள் வாங்கி விற்கும் எண் டொமைன் சந்தையில் எனக்கு அனுபவம் கிடையாது, ஜெர்மன் சந்தையில் கொஞ்சம் உண்டு. இத்தனை வருடத்தில் நான் விற்ற ஹைஃபன் பெயர்கள் மொத்தம் பதினொன்று. இதிலிருந்து பெரிய விதி எதுவும் எடுக்க முடியாது, கீழே நான் சொல்லும் விலைகளை அந்த அளவுக்கே நம்புங்கள்.

சந்தேகமே இல்லாத விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். டொமைன் பெயரில் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் இந்த மூன்றுக்கு மட்டும்தான் இடம், அதுவும் ஹைஃபன் முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. தமிழ் எழுத்தில் டொமைன் வாங்கலாமே என்றால், வாங்கலாம், ஆனால் உள்ளே அது எக்ஸ், என், அப்புறம் அடுத்தடுத்து இரண்டு ஹைஃபன் என்று தொடங்கும் ஓர் ஆங்கில எழுத்துக்கோவையாகத்தான் சேமிக்கப்படுகிறது. மூன்றாம் நான்காம் இடங்கள் இரண்டிலும் ஹைஃபன் வரும் சாதாரணப் பெயரை உங்களால் பதிவு செய்ய முடியாததற்கு இதுதான் காரணம். கோடு உள்ள பெயரும் கோடு இல்லாத பெயரும் கணினிக்குச் சம்பந்தமே இல்லாத இரண்டு பெயர்கள். மனிதர்களுக்கோ ஒன்றேதான். ஹைஃபன் டொமைனின் சிக்கல் முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

சூத்திரம் என்று கேட்டீர்கள். ஒன்று சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது, கோடில்லாத பெயரின் விலையில் பத்தில் ஒரு பங்கு, சிலர் இருபதில் ஒரு பங்கு என்பார்கள். நானும் ஆரம்பத்தில் இதை நம்பினேன். கோடில்லாத பெயர் இரண்டாயிரம் டாலருக்குப் போகுமென்றால் என்னுடையது இருநூறுக்காவது போகுமே என்று கணக்குப் போட்டு நிறைய வாங்கினேன். ஒரு நல்ல பெயருக்கு வாங்க ஆசைப்படுகிறவர்கள் இருபது பேர் என்று வையுங்கள். கோடு போட்டதும் அந்த இருபது பேரும் பத்தில் ஒரு பங்கு விலைக்கு இறங்கி வருவதில்லை. பத்தொன்பது பேர் எழுந்து போய்விடுகிறார்கள், ஒருவர் மிஞ்சலாம், மிஞ்சாமலும் போகலாம். மிஞ்சியவருக்கு அந்தக் கோடு ஒரு பொருட்டாக இல்லாவிட்டால் நல்ல விலையே கொடுப்பார். அதனால் ஹைஃபன் பெயரைப் பொறுத்தவரை நான் விலையைத் தேடுவதை நிறுத்திவிட்டேன், வாங்க யார் இருக்கிறார் என்று மட்டும்தான் தேடுகிறேன்.

அதற்கு நான் முதலில் செய்வது, கோடில்லாத அதே பெயரை பிரவுசரில் அடித்துத் திறந்து பார்ப்பது. இரண்டு நிமிட வேலை, ஆனால் பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும். அது யாரும் பதிவு செய்யாமல் சும்மா கிடந்தால் உங்கள் பெயருக்கு மதிப்பு சுத்தமாகப் பூஜ்யம், ஆயிரம் ரூபாய்க்கு அசலே கிடைக்கும்போது கோடு போட்டதை யார் வாங்குவார்? சிரிக்காதீர்கள், உங்கள் 43-ல் இப்படி நாலைந்தாவது இருக்கும், என்னிடம் ஒன்பது இருந்தன. அங்கே அதே தொழிலில் ஒரு கம்பெனி நன்றாக நடந்துகொண்டிருந்தால் உங்கள் பெயரை வாங்குகிறவர் தன் வாடிக்கையாளர்களில் ஒரு பகுதியை அந்தக் கம்பெனிக்கே அனுப்பப்போகிறார் என்று அர்த்தம். கொஞ்சம் விவரமுள்ளவர் வாங்கமாட்டார். அங்கே வெறும் விளம்பரப் பக்கமும் ‘இந்த டொமைன் விற்பனைக்கு’ என்ற பலகையும் இருந்து, கேட்கும் விலை சின்ன வியாபாரிக்கு எட்டாததாக இருந்தால், அங்கேதான் உங்களுக்குக் கொஞ்சம் வாய்ப்பு. நான் விற்ற பதினொன்றில் எட்டு இந்த வகைதான். நான்காவதாக இன்னொன்று, அங்கே இருப்பது வேறு ஊர், வேறு மொழி, வேறு தொழிலைச் சேர்ந்த ஏதோ ஒன்று என்றால் அதுவும் பரவாயில்லை, குழம்பி அங்கே போகிறவர் உடனே திரும்பி வந்துவிடுவார்.

குழம்புவது என்றேனே, அது எப்படி நடக்கிறது என்று நேரில் பார்த்தவன் நான். 2016-ல் தெற்கே ஒரு ஊரில் கல்யாண சமையல் காண்ட்ராக்ட் எடுக்கும் அண்ணன் ஒருவருக்கு வெப்சைட் செய்தேன். அவர் கேட்ட பெயரை யாரோ வைத்துக்கொண்டு 2,500 டாலர் கேட்டார்கள். நான்தான் புத்திசாலித்தனமாக நடுவில் ஒரு கோடு போட்டு அறுநூறு ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன். வேனில் எழுதினார், ஃப்ளெக்ஸ் அடித்தார், விசிட்டிங் கார்டு ஆயிரம். அப்புறம் போனில் ஈமெயில் முகவரி சொல்ல ஆரம்பித்தார். ‘பேருக்கு நடுவுல ஒரு கோடு போடுங்க.’ ‘மேல் கோடா, கீழ் கோடா?’ ‘நடுக்கோடுங்க.’ ‘மைனஸா?’ ‘ஆமா, மைனஸ்னே வச்சுக்கங்க.’ எதிர்முனையில் இருப்பவர் ஆங்கிலத்தில் மைனஸ் என்றே எழுதிக்கொண்டதும் உண்டு. அவர் கடையில் உட்கார்ந்திருந்த ஒரு மதியத்தில் மட்டும் இந்தப் பேச்சை மூன்று முறை கேட்டேன். கடைசியில் எண்ணூறு பேர் கல்யாணத்துக்கு விலை கேட்டு அனுப்பிய ஒரு மெயில் கோடில்லாத முகவரிக்குப் போய்விட்டது. அங்கே வரும் மெயிலை எல்லாம் வாங்கிக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள் போல, திரும்பியும் வரவில்லை. பெண்ணின் அப்பா நாலு நாள் கழித்து கோபமாக போன் செய்தபோதுதான் இவருக்கு விஷயமே தெரிந்தது. 2018-ல் கோடில்லாத டாட் இன் ஒன்றுக்கு மாறினோம். ‘இந்தக் கோட்ட எதுக்கு தம்பி மொதல்லயே போட்டீங்க?’ என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. பழைய ஹைஃபன் பெயரை இரண்டு வருடம் விற்கப் பார்த்தேன், ஒருத்தர்கூட விலை கேட்கவில்லை, 2020-ல் விட்டுவிட்டேன்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு சின்னச் சின்ன விஷயங்களையும் கவனிக்க ஆரம்பித்தேன். ஆண்ட்ராய்டு போன் கீபோர்டில் புள்ளி முதல் பக்கத்திலேயே இருக்கும், ஹைஃபனுக்கு எண்களும் குறிகளும் இருக்கும் அடுத்த பக்கத்துக்குப் போகவேண்டும், பாதிப்பேர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொள்வதில்லை. பத்திரிகையில் குறுகலான பத்தியில் விளம்பரம் வந்தால் பெயர் சரியாக ஹைஃபனில்தான் உடைந்து அடுத்த வரிக்குப் போகும், படிக்கிறவருக்கு அந்தக் கோடு பெயரைச் சேர்ந்ததா, வரி உடைந்ததால் வந்ததா என்று தெரியாது. தமிழ்ச் சொல் உள்ள பெயரென்றால் இன்னும் மோசம். நம் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதில் ஏற்கெனவே ஆளுக்கொரு வழி, ழ-வுக்கு ஒருவர் இசட் எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல் போடுவார், நெடிலுக்கு ஒரு ஏ-வா இரண்டு ஏ-வா என்ற வழக்கு தீரவே தீராது. நாலு விதமாக எழுதக்கூடிய பெயரில் கோட்டையும் போட்டால் எட்டு விதம்.

சரி, ஹைஃபன் எங்குமே விலைபோகாதா என்றால் அப்படியும் இல்லை. ஜெர்மனி முக்கியமான விதிவிலக்கு. அந்த மொழியில் பெயர்ச்சொற்களை ஒட்டி ஒட்டி ரயில்வண்டிபோல் எழுதுவார்கள், எங்கே ஒரு சொல் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று காட்ட டொமைனில் ஹைஃபன் போடுவது அங்கே அருவருப்பான விஷயமாக இருந்ததே இல்லை. பெரிய வங்கியான டாய்ச்ச பாங்க் பயன்படுத்துவதே கோடு போட்ட டாட் டிஇ முகவரிதான், இணையச் சேவையான டி-ஆன்லைனும் அப்படியே. முகவரியை வாயால் சொல்லும்போது மைனஸ் என்று சொல்வது அவர்களுக்குச் சகஜம், கேட்கிறவருக்கும் புரியும். என் பதினொன்றில் அதிக விலைக்குப் போனது இந்த வகைதான். சுற்றுலா சம்பந்தமான இரண்டு ஜெர்மன் சொற்கள், நடுவில் ஒரு கோடு, டாட் காம், காலாவதியாகி வந்தபோது ஒன்பது டாலருக்குப் பிடித்தது. ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் தொடங்கிய செடோ என்ற சந்தையில் பட்டியலிட்டு வைத்திருந்தேன், 2014-ல் 650 யூரோவுக்குப் போனது. எனக்கு ஜெர்மன் தெரியாது, அகராதியை வைத்துக்கொண்டு குருட்டாம்போக்கில் வாங்கியது, அதைப் பார்த்து இன்னும் நாலு வாங்கினேன், நாலும் போணியாகவில்லை.

இரண்டாவது விதிவிலக்கு, கோடு இல்லாமல் எழுதினால்தான் தப்பாகத் தோன்றும் சொற்கள். எக்ஸ்-ரே, டி-ஷர்ட், இ-பைக் மாதிரி. இவற்றில் கோடு சொல்லின் எழுத்துமுறையிலேயே இருக்கிறது, அதனால் விளக்கவேண்டிய அவசியம் பாதியாகக் குறைகிறது. மூன்றாவது, ஒட்டி எழுதினால் வேறு அர்த்தம் வந்து மானத்தை வாங்கும் பெயர்கள். எக்ஸ்பர்ட்ஸ் எக்ஸ்சேஞ்ச் என்ற தொழில்நுட்பக் கேள்வி-பதில் தளம் முதலில் கோடு இல்லாமல்தான் இருந்தது, ஆங்கிலத்தில் அதைச் சேர்த்து எழுதிப் பாருங்கள், நிபுணர்கள் போய் பால்மாற்று அறுவைச் சிகிச்சை வந்து நிற்கும். கோடு போட்டுத் தப்பித்தார்கள். நம் பெயர்களில் இதற்குச் சமமான சங்கடம், உயிரெழுத்தில் முடியும் சொல்லும் உயிரெழுத்தில் தொடங்கும் சொல்லும் சேரும் இடம். கோவை, இட்லி இரண்டையும் ஆங்கிலத்தில் ஒட்டினால் இரண்டு ஐ பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், எழுத்துப்பிழை என்றே எல்லாரும் நினைப்பார்கள். அங்கே கோடு உண்மையிலேயே உதவி செய்கிறது. ஆனாலும் பேசிச் சொல்லும்போது வரும் சங்கடம் அப்படியேதான் இருக்கும்.

கோகோ-கோலா, ரோல்ஸ்-ராய்ஸ், மெர்சிடிஸ்-பென்ஸ் எல்லாம் ஹைஃபனோடுதானே ராஜாவாக இருக்கிறார்கள் என்று ஒரு வாதத்தை அடிக்கடி கேட்கிறேன். அவர்கள் பெயரே அப்படி, அந்தப் பெயரை ஊர் உலகத்துக்கே தெரியும். உங்கள் டொமைனை விற்க அது ஒரு சான்றாகாது.

2012-க்கு முந்தைய விற்பனை விலைகளைப் பார்த்து ஆசைப்படுவதும் வேண்டாம். அந்தக் காலத்தில் ஹைஃபன் பெயருக்கு மவுசு இருந்ததற்குக் காரணம் கூகுள். மக்கள் தேடும் சொற்றொடரே டொமைனாக இருந்தால் தேடல் முடிவில் மேலே வருவது சுலபமாக இருந்தது. கோட்டை கூகுள் சொல் இடைவெளியாக எடுத்துக்கொள்ளும் என்பதால் மூன்று நாலு கோடு போட்ட பெயரும் வேலை செய்தது. நானே அப்படி முப்பது நாற்பது குட்டித் தளங்கள் போட்டு விளம்பரக் காசு பார்த்திருக்கிறேன், பெருமைப்பட ஒன்றுமில்லை, எல்லாம் அரைவேக்காட்டுக் கட்டுரைகள். 2012 செப்டம்பர் 28 அன்று, தேடல் சொற்றொடரையே பெயராக வைத்த தரம் குறைந்த தளங்களைக் கீழே தள்ளும் மாற்றத்தை கூகுளின் மேட் கட்ஸ் அறிவித்தார், அமெரிக்க ஆங்கிலத் தேடல்களில் 0.6 சதவீதத்தில்தான் வித்தியாசம் தெரியும் என்றார். அந்த 0.6-ல் என் தளங்கள் முக்கால்வாசி இருந்தன. ஒரு வாரத்தில் வருமானம் சட்டென்று விழுந்தது. அன்றோடு ஹைஃபன் பெயரை மொத்தமாக வாங்கிக்கொண்டிருந்த கூட்டமும் காணாமல் போய்விட்டது. இன்று பெயரில் சொற்றொடர் இருப்பதால் தேடலில் லாபம் என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள். ஹைஃபன் இருப்பதாலேயே கூகுள் தண்டிக்கும் என்று சொல்வதையும் நம்பவேண்டாம், ஒரு கோடு போட்ட நல்ல தளங்கள் நன்றாகவே மேலே வருகின்றன.

அதற்குப் பிறகு இன்னும் இரண்டு அடி விழுந்தது. டாட் காமில் நல்ல பெயர் தீர்ந்துபோனபோது தப்பிக்கும் சந்தாக ஹைஃபன் இருந்தது. 2014-லிருந்து டாட் ஷாப், டாட் ஆன்லைன் என்று நூற்றுக்கணக்கில் புதுப் பின்னொட்டுகள் வரிசையாக வந்தன, டாட் இன் முகவரியும் நம் ஊர் வியாபாரிகளுக்குப் பழகிவிட்டது, சந்துகள் பெருகிவிட்டன. இன்னொன்று மோசடிக்காரர்களின் புண்ணியம். வங்கிப் பெயர், கோடு, கேஒய்சி, கோடு, அப்டேட் என்று எஸ்எம்எஸ்ஸில் வரும் லிங்க்குகளைப் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு இரண்டு கோடு உள்ள முகவரி என்றாலே வயிற்றைக் கலக்குகிறது. போலி முகவரிகளின் தொல்லை பொறுக்காமல்தான் ரிசர்வ் வங்கி 2025-ல் எல்லா வங்கிகளையும் அக்டோபர் 31-க்குள் டாட் பேங்க் டாட் இன் முகவரிக்கு மாறச் சொன்னது. இந்தச் சூழலில் கடன், கார்டு, இன்சூரன்ஸ் சொற்களோடு மூன்று கோடு போட்ட பெயரை எந்த நல்ல கம்பெனியும் தொடாது. இரண்டு அல்லது அதற்கு மேல் கோடு உள்ள பெயர்களுக்கு மறுவிற்பனை மதிப்பு கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள், இதில் எனக்குச் சந்தேகம் மிகக் குறைவு.

உங்கள் பட்டியலில் ஒரு பிரபல மொபைல் கம்பெனியின் பெயரோடு கோடு போட்டு சர்வீஸ் சென்டர் என்று ஒன்று இருக்கிறது. அதை விற்க முயற்சி செய்யாதீர்கள், முக்கியமாக அந்தக் கம்பெனிக்கே மெயில் போட்டு விலை பேசாதீர்கள். டாட் காம் பெயர்களுக்கு, உலக அளவில் டொமைன்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு 1999-ல் ஏற்ற ஒரு தகராறு தீர்ப்பு முறை இருக்கிறது, டாட் இன்னுக்கும் அதே மாதிரி தனியாக ஒன்று உண்டு. பெயர் வர்த்தக முத்திரையோடு குழப்பும் அளவுக்கு ஒத்திருக்கிறதா, உங்களுக்கு அதில் நியாயமான உரிமை உண்டா, கெட்ட எண்ணத்தோடு பதிவு செய்து பயன்படுத்துகிறீர்களா என்ற மூன்றைத்தான் பார்ப்பார்கள். நடுவில் கோடு போட்டதால் பெயர் வேறாகிவிட்டது என்ற வாதம் அங்கே எடுபடாது. முத்திரைக்கு உரியவரிடமே கைச்செலவைவிட அதிக விலைக்கு விற்பதற்காகப் பதிவு செய்ததைக் கெட்ட எண்ணத்துக்கு அடையாளமாக அந்த விதியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள், நீங்கள் போடும் மெயிலே அவர்களுக்குச் சாட்சி. உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவில் ஒரு நடுவரை வைத்து வழக்குத் தொடர அவர்களுக்கு 1,500 டாலர் செலவு, பெரிய கம்பெனிக்கு அது டீ காசு. நம் நாட்டிலும் 2004-ல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வர்த்தக முத்திரைக்கு உள்ள பாதுகாப்பு உண்டு என்று சொல்லிவிட்டது. அந்தப் பெயரைப் பேசாமல் காலாவதியாக விட்டுவிடுங்கள்.

இப்போது அந்த 1,840 டாலர். இந்தக் கருவிகள் பெயரில் உள்ள சொற்களை எத்தனை பேர் தேடுகிறார்கள், அந்தச் சொல்லுக்கு விளம்பரதாரர்கள் கிளிக்குக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள், இதே போன்ற சொல் உள்ள பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று பார்த்து ஒரு எண்ணைக் கொடுக்கின்றன. சொல்லை எடைபோட அவற்றுக்குத் தெரியும், வாங்க ஆள் இருக்கிறாரா என்று தெரியாது. நீங்களே ஒன்று செய்து பாருங்கள், யாருமே சீண்டாத உங்கள் மற்ற பெயர்களையும் அதே கருவியில் போடுங்கள், எல்லாவற்றுக்கும் நூறு, முந்நூறு, ஐந்நூறு டாலர் என்று தாராளமாக வழங்கும். கூட்டிப் பார்த்தால் நீங்கள் லட்சாதிபதி. உண்மையில் நடந்த விற்பனைகளைப் பார்க்க நேம்பயோ தளம் உருப்படியானது, அதில் ஹைஃபன் உள்ள பெயர்களை மட்டும் வடிகட்டிப் பார்க்கலாம். ஆனால் அங்கே இருப்பது விற்றவை மட்டுமே, விற்காமல் செத்துப்போனவற்றுக்குப் பட்டியல் யாரும் போடுவதில்லை. அதனால் அதில் விலையைப் பார்ப்பதைவிட எந்த மாதிரி ஹைஃபன் பெயர்கள், எந்த மொழியில், எந்த வருடத்தில் போயின என்று பாருங்கள். இன்னொரு எச்சரிக்கை. ‘உங்கள் டொமைனை ஐயாயிரம் டாலருக்கு வாங்குகிறேன், அதற்கு முன் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி அனுப்புங்கள்’ என்று மெயில் வந்தால் அது மோசடி, சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணம்தான் அவர்களுக்கு வேண்டும். ஹைஃபன் பெயர் வைத்திருப்பவர்களை இவர்கள் தேடிப் பிடிக்கிறார்கள், நல்ல விலை வந்ததென்றால் அதிகம் சந்தோஷப்படுகிறவர்கள் நாம்தானே.

வைத்திருக்கும் செலவையும் பாருங்கள். டாட் காமின் மொத்த வியாபார விலை 2024 செப்டம்பரில் 10.26 டாலர் ஆனது, விற்கும் நிறுவனத்தின் லாபமும் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து உங்கள் கைக்கு வரும்போது புதுப்பிக்க ஒன்றுக்குச் சுமார் 1,300 ரூபாய் என்று வைப்போம். 43 பெயருக்கு 55,900. சுமாரான, கோடில்லாத பெயர்களையே என் அனுபவத்தில் வருடத்துக்கு நூறில் ஒன்றோ இரண்டோதான் விற்க முடிகிறது, ஹைஃபன் பெயர்கள் அதற்கும் கீழே. அதாவது உங்கள் 43-ல் இரண்டு வருடத்துக்கு ஒன்று விற்றால் அதிர்ஷ்டம், அதற்குள் கிட்டத்தட்ட ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் கட்டியிருப்பீர்கள், சந்தைக்காரர் கமிஷன் தனி. அந்த ஒன்று ஒன்றேகால் லட்சத்துக்குப் போனால்தான் கணக்கு நேராகும். நான் விற்ற ஹைஃபன் பெயர்கள் பெரும்பாலும் 4,000-லிருந்து 15,000 ரூபாய்க்குள், குறைந்தது 2,500.

ஒரே ஒரு வகையில் மட்டும் பெயரைப் பார்க்காமல் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து வருடம் உண்மையான தளமாக இருந்து காலாவதியாகி உங்களிடம் வந்த பெயர்களுக்கு மற்ற நல்ல தளங்களிலிருந்து இன்னும் இணைப்புகள் இருக்கலாம், அதற்கென்றே வாங்குகிறவர்கள் உண்டு. பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பெயரைப் போட்டு வருடம் வருடமாகத் திறந்து பாருங்கள். நடுவில் ஏதாவது ஒரு வருடம் சூதாட்டப் பக்கமோ மருந்து விற்கும் பக்கமோ வந்திருந்தால் ஆசையை விட்டுவிடலாம். சுத்தமாக இருந்தால் அதன் மதிப்பை நான் சொல்லமாட்டேன், இணைப்பு வாங்கி விற்கிறவர்களின் கணக்கு வேறு, நான் அந்தத் தொழில் செய்ததில்லை.

உங்கள் பட்டியலைப் பார்த்தேன். பெயர்களை இங்கே எழுதவில்லை, நாளைக்கே யாராவது விலை கேட்டு வரலாம். இரண்டோ அதற்கு மேலோ கோடு உள்ள 19-ஐயும் விட்டுவிடுவேன், மொபைல் கம்பெனிப் பெயர் அதில் ஒன்றாகவே போய்விடுகிறது. மீதி 24-ல் கோடில்லாத பெயர் காலியாகக் கிடப்பவற்றை நீங்களே தேடிக் கழித்துவிடுங்கள். ஜெர்மன் சொற்கள் உள்ள இரண்டை வைத்துக்கொண்டு செடோவில் போடுங்கள், அதற்கு முன் ஜெர்மன் தெரிந்த ஒருவரிடம் அப்படி ஒரு வழக்கு அங்கே உண்டா என்று கேளுங்கள், நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். எக்ஸ்-ரே பெயர் ஒன்று இருக்கிறதே, அதை இன்னும் ஒரு வருடம் வைத்துப் பார்க்கலாம். ஊர்ப்பெயரும் தொழிலும் சேர்ந்த ஏழெட்டில், அந்த ஊரில் அந்தத் தொழில் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருந்து, கோடில்லாதது விற்பனைப் பலகையோடு நிற்கிறதென்றால் மட்டும் வைத்திருங்கள். எல்லாவற்றையும் அடுத்த மாதமே முடிவு செய்யவேண்டும் என்றும் இல்லை, டொமைன் பதிவு செய்து தரும் பெரும்பாலான நிறுவனங்கள் காலாவதியான பிறகும் சில வாரம் அதே விலைக்குப் புதுப்பிக்க விடுகின்றன. உங்கள் நிறுவனம் எத்தனை நாள் தருகிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அந்தக் கெடு தாண்டி மீட்புக் காலத்துக்குள் போனால் மீட்க ஒரு பெயருக்கே சில ஆயிரம் கேட்பார்கள்.

கடைசியாக அந்த ஆறாயிரம். அந்தப் பெயரும் ஊர்ப்பெயரும் தொழிலும் சேர்ந்த வகைதான், கோடில்லாததை நானும் திறந்து பார்த்தேன், விற்பனைப் பலகை நிற்கிறது, கேட்கும் விலை மூவாயிரம் டாலருக்கு மேல். அதாவது உங்களுக்கு போன் செய்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் உங்களிடம் வந்திருக்கிறார். நான் மேலே சொன்ன மிஞ்சிய அந்த ஒருவர் இவர்தான், இவரைப்போல் இன்னொருவர் இந்தப் பெயருக்கு வருவாரா என்றால் என் அனுபவத்தில் அரிது. ஆறாயிரத்துக்கு விற்றிருந்தாலும் அது நஷ்டமான விலை கிடையாது, நான் விற்றவற்றில் நடுவாந்தரமான விலை அது. அவருக்கு நீங்களே போன் செய்யுங்கள். கருவி காட்டிய எண்ணைப் பற்றி வாயே திறக்காதீர்கள். யோசித்துப் பார்த்தேன், ஒன்பதாயிரம் என்றால் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லுங்கள், ஏழரையில் முடியும், முடியாவிட்டால் ஆறுக்கே கொடுத்துவிடுங்கள். பணம் வந்த பிறகு, பெயரை வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகத் தேவையான பரிமாற்றக் குறியீட்டைக் கொடுங்கள், அல்லது இருவருக்கும் ஒரே நிறுவனத்தில் கணக்கு இருந்தால் உள்ளுக்குள்ளேயே மாற்றிவிடலாம், பத்து நிமிட வேலை. ஒன்று மட்டும் கவனம், அதற்கு முன்னால் உங்கள் பெயர், மெயில் முகவரி விவரங்களை மாற்றி வைக்காதீர்கள், சில நிறுவனங்களில் அப்படி மாற்றினால் அறுபது நாள் வெளியே கொண்டுபோக முடியாமல் பூட்டிவிடுவார்கள், இவர் அறுபது நாள் காத்திருக்கமாட்டார். அவர் நம்பரை அழித்துவிடவில்லையே?